அத்தையோட மெஷினும் பதிமூணு போர்வையும்

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

  இன்னைக்கு ஏஐ இல்ல, வேலை மாறுறது இல்ல, சம்பள பேரம் இல்ல. இன்னைக்கு தையல். ஆமா, ஊசி நூல் தையல்தான். ஹெட்போன் மாட்டிட்டு மெட்ரோல போறவங்க, பாத்திரம் கழுவிட்டே கேக்குறவங்க, எல்லாருக்கும் இது செட் ஆகும்.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, எங்க வீட்டுல பதிமூணு பேர்னு சும்மா ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ் கொஞ்ச நஞ்சமில்ல. "பதிமூணு பேரா? பாத்ரூம் எத்தனை?"ன்னு ஒருத்தர். (சிரிப்பு) ரெண்டுதாங்க. இன்னொருத்தர் கேட்டதுதான் எனக்குப் பிடிச்சுது: "அத்தனை பேருக்கு தலையணை, போர்வை எல்லாம் எப்படி?" அந்தக் கேள்விக்கு ஒரு முழு எபிசோடே பதிலா இருக்கு. எங்க வீட்டுப் போர்வை எதையும் கடையில வாங்கல. எல்லாத்தையும் தைச்சது எங்க அத்தை.

பதிமூணு பேர், ஒரு மெஷின்

ஊர் திருப்பூர். வீட்டுல ஆத்தா, அதாவது அப்பாவோட அம்மா. பெரியப்பா பெரியம்மா, அப்பா அம்மா, சித்தப்பா சித்தி. அப்புறம் அத்தை. எங்க பெரியப்பாவுக்குத் தங்கச்சி, எங்கப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி நாலே வருஷத்துல மாமா தவறிட்டாரு, குழந்தை இல்ல, அத்தை திரும்ப எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. பசங்க நாங்க அஞ்சு பேர். மொத்தம் பதிமூணு.

அத்தை பகல்ல பனியன் கம்பெனியில பவர் டேபிள்ல இருந்தாங்க. வெளியூர்க்காரங்களுக்கு: பவர் டேபிள்னா கரண்ட்ல ஓடுற தையல் மெஷின் வரிசை. அதுல உக்காந்து தைக்கிறவங்களையும் 'பவர் டேபிள்'னுதான் ஊர்ல சொல்லுவாங்க. பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைச்சோம்னு ஒரு குட்டி நோட்டுல குறிச்சு வெச்சு, சனிக்கிழமை கணக்குப் பார்த்து வாங்கணும். ராத்திரி வீட்டுக்கு வந்தா, முன்னறையில கால் மெஷின். மிதிச்சு ஓட்டுறது. அது ஆத்தா சீட்டு எடுத்து வாங்கினது.

ஒரு வீட்டுல பதிமூணு பேர் இருந்தா தையல் ஒரு பொழுதுபோக்கு கிடையாது, தண்ணி, கேஸ் மாதிரி. ஜூன் மாசம் வந்தா யூனிஃபார்ம். எங்க யூனிஃபார்ம் பேன்ட்டோட கால் மடிப்புல ரெண்டு இஞ்ச் துணி கூடுதலா உள்ள வெச்சிருப்பாங்க. அடுத்த ஜூன்ல ஒரு இஞ்ச் பிரிச்சு விடுவாங்க, அதுக்கு அடுத்த ஜூன்ல இன்னொரு இஞ்ச். மூணாவது ஜூன்ல அது தம்பிக்குப் போயிடும். பழைய மடிப்பு இருந்த இடத்துல ஒரு வெளுத்த கோடு தெரியும் பாருங்க, அதை வெச்சே இந்த பேன்ட் எத்தனை வருஷம் ஓடியிருக்குன்னு சொல்லிடலாம். மரத்துல வளையம் எண்ணுற மாதிரி.

தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி மெஷினுக்கு க்யூ. ஜாக்கெட், பாவாடை, பக்கத்து வீட்டு அக்காவோட சுடிதார் வரைக்கும். பசங்களுக்கு அதுல ஒரு வேலை உண்டு: ஊசி கோக்கறது. ஆத்தாவுக்கு கண்ணு மங்கல், பெரியம்மாவுக்குக் கிட்டப் பார்வை சரியில்ல. அதனால, "கண்ணு, வா, ஒரு நூல் கோத்துக் குடுத்துட்டுப் போ"ன்னு கூப்பிடுவாங்க. ஆம்பளப் பையன், பொம்பளப் புள்ளைன்னு வித்தியாசம் கிடையாது. நூல் நுனியை நாக்குல தொட்டு, நகத்தால நசுக்கி, சாய்வா வெட்டி, ஊசிக்குள்ள விடணும். ஆறு வயசுல நான் கத்துக்கிட்ட முதல் டெக்னிக்கல் ஸ்கில் அதுதான்.

பழைய துணிக்கு ஓய்வே கிடையாது

நம்ம வீடுகள்ல ஒரு பருத்திப் புடவை எப்படி வயசாகும்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல விசேஷத்துக்குக் கட்டுறது. அப்புறம் வெளிய போக. அப்புறம் வீட்டுல. நைஞ்சு போனதும் குழந்தைக்குத் தூளி, பிறந்த குழந்தையைச் சுத்துற துணி. புதுத் துணி உறுத்தும், பழசுதான் மெத்துனு இருக்கும். அதுக்கப்புறம் தலையணை உறை, கடைசியா அடுப்பங்கரையில பிடிதுணி. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா, அதுக்கு நடுவுல ஒரு நிலை இருக்கு. அதுதான் போர்வை.

இந்தியா முழுக்க இது இருக்கு. வங்காளத்துல காந்தா: பழைய புடவைகளை அடுக்கி வெச்சு, பழைய புடவைக் கரையிலிருந்து உருவின நூலாலயே ஓட்டத் தையல் போடுவாங்க. மகாராஷ்டிராவுல கோதடி. வடக்கு கர்நாடகாவுல கவுதி. அங்க சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கிறது ரொம்பப் பேர் போனது. எங்க வீட்டுல இதுக்கு 'ஒட்டுப் போர்வை'ன்னு பேர். இங்கிலீஷ்ல சொல்ற குயில்ட்தான். குயில்ட்டுக்கு இலக்கணம் சிம்பிள்: மேல ஒரு அடுக்கு, நடுவுல ஒரு நிரப்பு, அடியில ஒரு அடுக்கு, மூணையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். அந்தக் கடைசித் தையல் இல்லாட்டி துவைக்கும்போது நடு அடுக்கு ஒரு மூலையில போய் உருண்டை ஆயிடும்.

எங்க ஊர்ல மேல் அடுக்குக்கு என்ன கிடைக்கும்? கட்டிங் வேஸ்ட். பனியன் துணியை அடுக்கி வெச்சு வெட்டும்போது ஓரத்துல, கழுத்து வளைவுல, கை வளைவுல விழற துண்டுகள். கம்பெனியில இதை எடை போட்டு வித்துடுவாங்க. திரும்ப நூலாக்கற மில்லுக்குப் போகும், மெஷின் துடைக்கற துணியாப் போகும். அதுல கொஞ்சம் பெரிய துண்டுகளை அத்தை காசு குடுத்து வாங்கிட்டு வருவாங்க. வெளிநாட்டுல எவனோ போடப்போற டீஷர்ட்டோட மிச்சம், எங்க மேல போர்வையா இருந்துச்சு. ஒரு சீசன்ல எந்தக் கலர் ஃபேஷன்னு எங்களுக்குத் தூங்கும்போதே தெரியும். (சிரிப்பு)

கொஞ்சம் எஞ்சினியரிங்

இப்ப என் ஏரியா. பனியன் துணியில போர்வை தைக்கிறது, சட்டைத் துணியில தைக்கிறதை விடக் கஷ்டம். ஏன்?

சட்டைத் துணி நெசவு. நீள நூலும் குறுக்கு நூலும் ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கிட்டு நிக்கும். பனியன் துணி நிட். ஒரே நூல் கண்ணி கண்ணியா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டுப் போகுது. அதனால இழுத்தா நீளும், அகலவாக்குல இன்னும் அதிகமா நீளும். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டினா ஓரம் சுருட்டிக்கும். இன்டர்லாக் அப்படிச் சுருட்டாது. சாதா ஊசி நேரா ஒரு கண்ணியை அறுத்துடுச்சுன்னா, அந்த ஓட்டையிலிருந்து ஏணி மாதிரி பிரிஞ்சுக்கிட்டே போகும். அதுக்குத்தான் முனை மழுங்கின பால் பாயின்ட் ஊசி. அது நூலைக் குத்தாம, ஒதுக்கிட்டு உள்ள போகும்.

அடுத்து தையல். வீட்டு மெஷின் போடறது லாக் ஸ்டிட்ச். சர்வதேச எண் 301. மேல் நூலும் அடியில பாபின் நூலும் துணிக்கு நடுவுல கொக்கி போட்டுக்கும். உறுதியானது, ஆனா இழுத்தா நீளாது, துணி நீளும்போது நூல் டக்குனு அறுந்துடும். அதனாலதான் பனியன் கம்பெனியில ஓவர்லாக், அதுல மூணு நூல் போடறதுக்கு எண் 504. அது துணியோட சேர்ந்து நீளும். அத்தைக்கு வீட்டுல ஓவர்லாக் கிடையாது. அவங்க என்ன பண்ணாங்க? அடி அடுக்குக்கு பழைய பருத்திப் புடவை வெச்சாங்க. புடவை நெசவு, அது நீளாது. நீளாத ஒண்ணோட நீளுற ஒண்ணைச் சேர்த்துக் குறுக்க நெடுக்கத் தைச்சா, மொத்தப் போர்வையும் நீளாது. நூலும் அறாது. இதுக்கு நம்ம ஆபீஸ்ல நாலு மீட்டிங் போட்டு, 'கன்ஸ்ட்ரைன்ட்'னு பேர் வெச்சு, ஒரு டாக்குமென்ட் எழுதுவோம். அத்தை எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்காங்க.

இன்னும் ரெண்டு விதி அத்தைகிட்ட உண்டு. ஒண்ணு: தைக்கறதுக்கு முன்னாடி எல்லாத் துண்டையும் தண்ணியில போட்டு எடுக்கணும். பருத்தி சுருங்கும், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சுருங்கும். தைச்ச பிறகு சுருங்கினா போர்வை அப்பளம் மாதிரி புடைச்சுக்கும். கறுப்பும் சிவப்பும் தனி வாளி, சாயம் நிக்கிற வரைக்கும் அலசணும். ரெண்டு: மூணு அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவுலிருந்து ஓரத்துக்குப் போகணும். ஓரத்துலிருந்து நடுவுக்கு வந்தா, தள்ளிட்டு வந்த சுருக்கம் எல்லாம் நடுவுல மாட்டிக்கும், வெளிய போக வழி இருக்காது.

ஒரு நாள் நான் சும்மா கணக்குப் போட்டேன். அஞ்சடிக்கு ஏழடி போர்வை. ஆறு இஞ்ச் கட்டம்னா அகலத்துல 10, நீளத்துல 14, மொத்தம் 140 கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் ஆறரை இஞ்ச்சா வெட்டணும், நாலு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள்ள போயிடும். ஒரு வரிசையில 10 கட்டத்தைச் சேர்க்க 9 தையல், அப்படி 14 வரிசை, 126 தையல், ஒவ்வொண்ணும் ஆறு இஞ்ச். அப்புறம் வரிசையோட வரிசை சேர்க்க 13 நீளத் தையல், ஒவ்வொண்ணும் 60 இஞ்ச். மொத்தம் 1536 இஞ்ச், 128 அடி. இஞ்ச்சுக்கு பத்து தையல்னா பதினைஞ்சாயிரத்துக்கு மேல. இது மேல் அடுக்கை மட்டும் ஒண்ணாக்கறதுக்கு. மூணு அடுக்கையும் பிடிக்கிற தையல் இதுல சேரல. அத்தை ஒரு போர்வைக்கு ராத்திரி ரெண்டு ரெண்டு மணி நேரமா பன்னெண்டு நாள் எடுத்துப்பாங்க.

எடையும் பார்த்தேன். 35 சதுர அடின்னா சுமார் மூணேகால் சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணின்னா ஒரு அடுக்கு 585 கிராம். மேலயும் நடுவுலயும் பனியன் துணி, அடியில புடவை. மொத்தம் ஒன்றரைக் கிலோ பக்கம் வரும். ஆடி மாசக் காத்துல எங்க ஊர்ல ஜன்னல் கதவு நிக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. அந்த ராத்திரியில அந்த ஒன்றரைக் கிலோ மேல இருக்கறது எவ்வளவு சுகம்னு போர்த்தினவங்களுக்குத்தான் தெரியும்.

ஆளுக்கு ஒண்ணு

ஹால்ல வரிசையாப் பாய் போட்டுப் படுப்போம். யார் போர்வை எதுன்னு சண்டை வரக்கூடாதுல, அதனால ஆளுக்கு ஒரு அடையாளம். ஆத்தாவோடது வெறும் வெள்ளையும் சந்தனக் கலரும். பெரியப்பாவோடது ஓரம் முழுக்கப் பச்சை. என்னோடதுல ஒரே ஒரு கட்டம் மட்டும் ஆரஞ்சு, மத்தது எல்லாம் நீலமும் சாம்பலும். "ஏனுங்த்தை ஒண்ணு மட்டும் ஆரஞ்சு?"ன்னு கேட்டேன். "நீலம் தீந்துபோச்சு கண்ணு"ன்னாங்க. அவ்வளவுதான். பெரிய தத்துவம் எதுவும் இல்ல.

2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அந்த உத்தரவு ஏன் வந்துச்சுன்னும் தெரியும். ஆனா சாயம் இல்லாட்டி துணி இல்ல, துணி இல்லாட்டி பவர் டேபிளுக்கு வேலை இல்ல. அப்பா, சித்தப்பா, அத்தை, மூணு பேரும் அந்தத் தொழில்லதான் இருந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம் கரண்ட் கட். பகல்ல பாதி நேரம் கரண்ட் இருக்காது. ஊர்ல பெரிய பெரிய மெஷின் எல்லாம் நின்னுச்சு. எங்க முன்னறையில கால் மெஷின் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு, அதுக்கு கரண்ட் வேண்டாமே. அத்தை ஜாக்கெட், நைட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்ம்னு தெரு முழுக்கத் தைச்சாங்க. அந்தக் காசுலதான் எனக்கும் பெரியப்பா பொண்ணுக்கும் ஸ்கூல் ஃபீஸ் போச்சு. இது எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுச் சொன்னதில்ல.

ஆற்று வளைவுல ஒரு ஊர்

இங்க ஒரு சின்ன டைவர்ஷன். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல, ஆறு வளைஞ்சு மூணு பக்கமும் சூழ்ந்த ஒரு இடம், பேர் ஜீஸ் பெண்ட். அடிமைகளா இருந்தவங்களோட வம்சம்தான் அங்க இருக்காங்க. அங்க பல பேருக்குக் குடும்பப் பேர் பெட்வே. அது அவங்க முன்னோர்களை வெச்சிருந்த தோட்ட முதலாளியோட பேர். வறுமை, பெரிய பெரிய குடும்பம், குளிர். அங்க பெண்கள் கிழிஞ்ச வேலை உடுப்பு, மாவு சாக்கு, எது கிடைச்சாலும் போர்வையாத் தைச்சாங்க.

அதுல ஒரு போர்வை பத்தி மட்டும் சொல்றேன். 1942ல மிசூரி பெட்வேங்கிற அம்மாவோட கணவர் இறந்துட்டாரு. அவர் வயல்ல போட்டிருந்த உடுப்பை எல்லாம் எடுத்து, ஒரு போர்வை தைச்சாங்க. மக ஆர்லான்சியா கூட இருந்து உதவி பண்ணாங்க. போட்டோல பார்த்தா முட்டி தேஞ்ச இடம், பாக்கெட்டைப் பிரிச்சதுல வெளுக்காம அடர்த்தியா நிக்கிற கட்டம், எல்லாம் தெரியும். மனுஷனோட உடம்பு துணியில பதிஞ்சு நிக்குது.

1966ல அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குயில்ட்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. கறுப்பின மக்களோட ஓட்டுரிமைப் போராட்டம் நடந்த காலம். அதுல சேர்ந்ததுக்காக வேலையும் வீடும் போனவங்க அங்க இருந்தாங்க. 1962ல அந்த ஊருக்கு இருந்த படகுப் போக்குவரத்தை நிறுத்தினது, 2006லதான் திரும்ப வந்துச்சு. 1972ல சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறை தைச்சாங்க; மிஞ்சின கார்டுராய் துண்டு எல்லாம் வீட்டுப் போர்வை ஆச்சு. கேக்கும்போது எங்க ஊர் கட்டிங் வேஸ்ட்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. 2002ல ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துல ஆரம்பிச்சு, நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் வரைக்கும் அந்தப் போர்வைகள் சுவத்துல தொங்கிச்சு. 2006ல அமெரிக்கத் தபால்தலையில வந்துச்சு.

அதோட கதை முடியல. 2007ல தைச்சவங்க சில பேர், வருமானத்துல எங்க பங்கு சரியா வரலன்னு நீதிமன்றத்துக்குப் போனாங்க. அடுத்த வருஷம் வழக்கு முடிவுக்கு வந்துச்சு. நான் யார் பக்கம்னு சொல்ல வரல. "ஆஹா, என்ன அழகு"ன்னு சொல்ற உலகம் ஒண்ணு, "என் பங்கு எங்க?"ன்னு கேக்குற கை ஒண்ணு. ரெண்டாவது கேள்வி எங்க வீட்டுக்கும் வந்துச்சு.

விடுதலைப் பத்திரம்

அப்பாரு, அதாவது எங்க தாத்தா, சொந்தமா சம்பாதிச்சுக் கட்டின வீடு. உயில் எழுதல. மூணு வருஷம் முன்னாடி, வீட்டைப் பிரிச்சுக்கலாம்னு அண்ணன் தம்பிங்க முடிவு பண்ணாங்க. சண்டை எல்லாம் இல்ல. பசங்க எல்லாம் பெங்களூர், சென்னைன்னு போயாச்சு, பெரியப்பாவுக்குக் கடன் இருந்துச்சு, நியாயமான காரணம்தான். மூணா பிரிக்கிறதுன்னு பேச்சு. அத்தை விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருவாங்க, அது ஒரு ஃபார்மாலிட்டின்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க.

கேக்குறவங்களுக்கு ஒரு நிமிஷம் விளக்கிடறேன். விடுதலைப் பத்திரம்னா, என் பங்கை நான் விட்டுக் குடுக்கறேன்னு எழுதிக் குடுக்கறது. நம்ம வீடுகள்ல அக்கா தங்கச்சிகிட்ட இதை ரொம்ப சாதாரணமா வாங்கிடுவாங்க. ஆனா சட்டம் என்ன சொல்லுது? தாத்தா சொந்தமா சம்பாதிச்சது, உயில் இல்லன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், எல்லாருக்கும் சம பங்கு. எங்க வீட்டுல ஆத்தாவும் நாலு பிள்ளைகளும். அஞ்சுல ஒண்ணு அத்தையோடது. பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டுல 1989ல ஆரம்பிச்சு, 2005ல நாடு முழுக்க வந்தாச்சு.

அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். பத்திரம் எழுதறவர் காகிதத்தை மேஜையில வெச்சாரு. அத்தை கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவாப் படிச்சாங்க. முழுசாப் படிச்சு முடிச்சுட்டு, "இதுல நான் கையெழுத்துப் போடலீங்ணா"ன்னாங்க. குரல் ஏறல. ஜாக்கெட் அளவு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க.

பெரியப்பாவுக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "உன்னை நாங்க விட்டுருவமா? இத்தனை வருஷம் தைச்சிருக்க, ஏதாச்சும் ஒரு தொகை குடுத்துடலாம்"ன்னாரு. அதுக்கு அத்தை சொன்னதுதான் எனக்கு மனசுல அப்படியே இருக்கு.

"தையலுக்கு நான் கூலி கேக்கலீங்ணா. என் புள்ளைங்களுக்குத் தைச்சேன். அது வேற கணக்கு. இது எங்கப்பன் வீடு. இதுல எனக்குப் பங்கு இருக்குன்னா இருக்குன்னு எழுதுங்க."

கவனிங்க. "நான் உழைச்சேன், அதனால குடுங்க"ன்னு அவங்க கேக்கல. உழைச்சதைச் சொல்லி வாங்கினா அது பரிசு மாதிரி ஆயிடும். இன்னைக்கு நல்லவங்களா இருந்தா குடுப்பாங்க, நாளைக்கு இல்ல. உரிமைங்கிறது ஒண்ணுமே தைக்காத பொண்ணுக்கும் உண்டு. அத்தை அந்த ரெண்டு துணியையும் ஒண்ணாச் சேர்த்துத் தைக்க விடல.

முதல்ல பேசினது ஆத்தா. "என் பங்கும் அவளுக்கு எழுதிருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அப்புறம் ரெண்டு மாசம் இழுத்துச்சு. அப்பா அத்தை பக்கம் நின்னாரு, சித்தப்பா ரெண்டு பக்கமும் தலையாட்டினாரு, பெரியப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டாரு. கடைசியில பாகப்பிரிவினைப் பத்திரமாவே எழுதிப் பதிவு பண்ணாங்க. தெருவைப் பார்த்த முன்னறையும் அதை ஒட்டின அறையும் அத்தை பேர்ல. மெஷின் இருந்த இடத்தை விட்டு நகரல.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல. பெரியப்பா அத்தைகிட்ட இன்னும் கணக்கா ரெண்டு வார்த்தைதான் பேசுறாரு. ஆனா போன தீபாவளிக்கு அவரோட பேத்தி கவுன் துணியோட அத்தை வாசல்ல நின்னா. அனுப்பி வெச்சது யாருன்னு யாரும் கேக்கல. அத்தை அளவெடுத்தாங்க.

பிரிஞ்சு போகும்போது பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் பட்டியல் போட்டுப் பிரிச்சாங்க. போர்வைக்குப் பட்டியல் தேவைப்படல. எது யாரோடதுன்னு முன்னாடியே தெரியுமே. என்னோடது இப்ப பெங்களூர்ல, ரூம்மேட் கண்ணுல படாத இடத்துல இருக்கு. (சிரிப்பு)

நீங்க தைக்கணும்னா

நிறைய பேர் கேப்பீங்க, அதனால நேராச் சொல்லிடறேன். முழுப் போர்வையில ஆரம்பிக்காதீங்க. மூணுக்கு மூணு, ஒன்பது கட்டம். அது ஒரு குஷன் உறைக்குச் சரியா வரும். பழைய டீஷர்ட்ல வேண்டாம், அது வழுக்கி நீளும். பழைய பருத்திச் சட்டை, வேட்டி, அம்மாவோட நைஞ்ச காட்டன் புடவை, இதுல ஆரம்பிங்க. துவைச்சு, இஸ்திரி போட்டு, ஒரு அட்டையை ஆறரை இஞ்ச் சதுரமா வெட்டி வெச்சுக்கிட்டு, அதை அளவா வெச்சு வெட்டுங்க. அட்டை நூறு தடவை பட்டா ஓரம் தேயும், அதனால அப்பப்ப மாத்துங்க. முதல்ல வரிசை வரிசையாச் சேருங்க, அப்புறம் வரிசைகளைச் சேருங்க. ஒவ்வொரு தையலுக்கும் அப்புறம் இஸ்திரி. அதை விட்டா மூலைகள் சேராது. மெஷின் இல்லாட்டி கையால ஓட்டத் தையல் போடுங்க, காந்தா முழுக்க அப்படித்தான் வந்துச்சு.

அப்புறம் இன்னொண்ணு. உங்க வீட்டுல தைச்சவங்க யாராவது இருப்பாங்க. பாட்டி, பெரியம்மா, சித்தி, மாமி. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, முதல் மெஷின் எப்படி வாங்கினீங்க? அதுல ஒரு சீட்டு, ஒரு வளையல், ஒரு சண்டை, ஏதாவது ஒண்ணு இருக்கும். ரெண்டாவது கொஞ்சம் கஷ்டமான கேள்வி: வீட்டுப் பத்திரத்துல உங்க பேர் இருக்கா? கேட்டுட்டு அவங்க சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது காகிதம் நீட்டினா, படிச்சுட்டுப் போடச் சொல்லுங்க. படிக்க முடியலன்னா கூட உக்காந்து படிச்சுக் காட்டுங்க, ஒரு வக்கீல்கிட்டயும் காட்டிடுங்க.

இந்த எபிசோடை அத்தைகிட்ட முழுசாப் போட்டுக் காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் வெளியிடறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க: "பன்னெண்டு நாள் இல்ல கண்ணு, நூல் அறுகாம இருந்தா பத்து நாள்."

அடுத்த வாரம் திரும்ப நம்ம ரெகுலர் ஏரியா, வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களோட முதுகு வலி பத்தி ஒரு பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க. ஒன்பது கட்டம் தைச்சு முடிச்சவங்க போட்டோ அனுப்புங்க. கோணலா இருந்தாலும் அனுப்புங்க.